கீசகனும் அரிராங்கும்

திரை கண்ட தேசங்கள் – 12

1926 அக்டோபர் 1ஆம் தேதி சோல் நகரத்தில் இரண்டு திறப்பு விழாக்கள். கொரிய மன்னர்களின் கியோங்போக் அரண்மனைக்கு முன்னால், அரண்மனையே தெருவிலிருந்து தெரியாதபடி ஜப்பானியர்கள் கட்டியிருந்த தலைமைச் செயலகம் அன்று திறக்கப்பட்டது. அதே நாளில் தான்சொங்சா என்ற தியேட்டரில் ‘அரிராங்’ என்ற பேசாப்படம் வெளியானது. அதை எழுதி, இயக்கி, கதாநாயகனாக நடித்த நா உன்-க்யூவுக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. விடுதலை கிடைத்து ஐம்பதாவது ஆண்டில், 1995இல், அந்தக் கட்டடத்தைக் கொரியர்கள் இடிக்கத் தொடங்கினார்கள். படத்தின் பிரதியும் இன்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கொரிய சினிமாவின் கதையை யார் சொல்ல வந்தாலும் காணாமல்போன அந்தப் படத்தில்தான் வந்து நிற்பார்கள்.

கதை சிறியது. யோங்-ஜின் படித்த பையன். 1919 மார்ச் 1 போராட்டத்தை ஒட்டிப் போலீசிடம் சிக்கி, சித்திரவதையில் புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன். ஊரில் நிலக்கிழாரின் காரியஸ்தன் ஒருவன் இருக்கிறான், ஜப்பானியருக்கும் வேண்டியவன். ஊர் முழுக்கத் திருவிழாவில் இருக்கும் நேரம் பார்த்து யோங்-ஜினின் தங்கை மேல் கைவைக்கிறான். பைத்தியக்கார அண்ணன் அரிவாளை எடுக்கிறான். ரத்தத்தைக் கண்டதும் அவனுக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. தெளிந்தவனைக் கயிற்றில் கட்டிக் கணவாய் வழியே கூட்டிப்போகிறார்கள். ஊர் சனம் அரிராங் பாட்டைப் பாடி வழியனுப்புகிறது. கொட்டகையில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள், அழுதார்கள் என்று அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

நாயகனைப் பைத்தியமாக்கியது நா உன்-க்யூவின் கெட்டிக்காரத்தனம். பைத்தியம் செய்யும் கொலைக்குத் தணிக்கை அதிகாரி என்ன அரசியல் அர்த்தம் எழுதிவிட முடியும்?

இன்னொரு சௌகரியமும் அவருக்கு இருந்தது. சென்ற இதழில் ஜப்பானில் பேசாப்படங்களுக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்களைப் பார்த்தோம். கொரியாவில் அவர்களுக்குப் ‘பியோன்சா’ என்று பெயர். ஒருவரே ஆணாகவும் பெண்ணாகவும் கிழவனாகவும் குரல் மாற்றிப் பேசுவார், அழுவார், நடுவில் கிண்டலும் அடிப்பார். கொட்டகையில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தால் ஒரு பேச்சு, எழுந்து போய்விட்டால் வேறு பேச்சு. ஃபிலிமைத் தணிக்கை செய்யலாம், வாயைச் செய்ய முடியாது. கொரியாவின் முதல் படம் என்று கணக்கில் வைத்திருக்கும் 1919ஆம் ஆண்டு ‘நியாயமான பழிவாங்கல்’கூட முழுப் படம் அல்ல. மேடையில் நாடகம் நடந்துகொண்டிருக்க, மேடையில் காட்ட முடியாத வெளிப்புறக் காட்சிகளை மட்டும் திரையில் ஓட்டினார்கள். அதுவும் அதே தான்சொங்சா தியேட்டரில்தான், அக்டோபர் 27 அன்று. அந்த நாளைத்தான் கொரியர்கள் இன்றும் சினிமா தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆக, அந்த ஊர் சினிமா பிறக்கும்போதே ஒரு காலைக் கூத்துமேடையில் ஊன்றிக்கொண்டு பிறந்தது.

அரிராங்கின் கதையைக் கேட்ட நம் வட ஆற்காட்டுக்காரர் யாருக்கும் இந்நேரம் கீசகன் ஞாபகம் வந்திருக்கும். அதிகாரத்துக்கு நெருக்கமான ஒருவன், காப்பாற்ற ஆளில்லாத பெண் என்று நினைத்துக் கைவைக்கிறான். சமையல்காரனாக ஒளிந்திருக்கும் பீமன் இருட்டில் அவனைக் கொல்கிறான். நம் பக்கத்துச் சினிமாவும் சரியாக இந்தக் கொலையில்தான் தொடங்குகிறது.

வேலூரில் பிறந்தவர் ஆர். நடராஜ முதலியார். அன்று திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். நமக்குத் தனி மாவட்டம் கிடைத்தது 1989இல்தான். முதலியார் சென்னையில் சைக்கிள் விற்று, பிறகு மோட்டார் கார் விற்று, அப்புறம் சினிமா ஆசை பிடித்தவர். புனாவில் கர்சன் பிரபுவைப் பற்றிய ஆவணப்படத்தில் வேலை செய்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் போய்க் கேமரா ஓட்டக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து புரசைவாக்கத்தில் இந்தியா ஃபிலிம் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி, 1917–18இல் ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அடுத்துத் ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’. பிறகு லவகுசா, மார்க்கண்டேயா, மயில்ராவணன் என்று சில படங்கள். மகன் இறந்தான், ஸ்டுடியோ தீப்பிடித்தது. 1923 வாக்கில் ஒதுங்கிவிட்டார். அவர் எடுத்த படங்களில் ஒரு அடி ஃபிலிம்கூட இன்று கிடையாது.

கீசகன் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மராத்தியில் காடில்கர் 1907இல் ‘கீசக வத்’ என்று ஒரு நாடகம் எழுதினார். திரௌபதி பாரதமாதா, கீசகன் கர்சன் பிரபு என்று பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. ஆங்கிலேயருக்கும் புரிந்து 1910இல் தடை போட்டார்கள். கர்சனைப் படம்பிடித்தவரிடம் பாடம் கேட்ட தமிழர், கர்சனைக் குறித்த அதே கீசகனை முதல் படத்துக்கு எடுத்துக்கொண்டார். முதலியாருக்கு இந்த மராத்தி நாடக விவகாரம் மனதில் இருந்ததா என்பதற்குச் சான்று ஒன்றுமில்லை; எனவே அவரைத் தேசபக்தராக்கி மாலை போட நான் தயாரில்லை. அவருக்குக் கீசகன் தெரிந்திருக்கப் புனாவுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆற்காட்டுப் பக்கம் பிறந்த பிள்ளைக்குக் கீசகனைத் திரௌபதி அம்மன் கோவில் வாசலிலேயே தெரியும்.

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் இந்த மாவட்டத்தில் ஏதோ ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். மத்தியானம் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாளுக்கொரு கூத்தாகப் போய்ப் பதினெட்டாம் போருக்கு அடுத்துப் படுகளம், தீமிதி. மழை பொய்த்த வருஷங்களில் விராட பர்வத்துக்குத் தனி மவுசு. அதைப் படித்தால் மழை இறங்கும் என்பது நம்பிக்கை. கீசக வதம் விராட பர்வத்துக் கதைதான்.

சென்ற கோடையில் போளூர்ப் பக்கம் ஓர் ஊரில் பார்த்த கீசகன் கண்ணிலேயே நிற்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேஷம் கட்டும் இடத்தில் ஒரு பெரியவர் கண்ணாடித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தில் சிவப்பை இழுக்கிறார். பக்கத்தில் கிரீடமும் புஜக்கட்டைகளும், கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டைகள், துணி விரித்து அடுக்கியிருக்கின்றன. ஒரு பையன் அவர் இடுப்பில் வைக்கோல் வைத்து இறுக்கிக் கட்ட, அதன்மேல் பாவாடை விரிந்து நிற்கிறது. களத்தில் இரண்டு பேர் வேட்டி ஒன்றைத் திரையாகப் பிடிக்கிறார்கள். அதற்குப் பின்னால் கீசகன் வந்து நின்று, முகவீணை கூடவே ஏற, பாதி திரைவிருத்தம் பாடி முடிக்கும்வரை சனத்துக்குத் தெரிவது கிரீடத்தின் நுனியும் சலங்கையின் சத்தமும்தான். கட்டியங்காரன் திரைக்கு இந்தப் பக்கம் நின்று “யாருய்யா நீ, உள்ளூரா வெளியூரா?” என்று சீண்டுகிறான். திரை விலகியதும் குழந்தைகள் அம்மா மடிக்குள் ஒளிகின்றன. இடையில் ஒருவர் எழுந்து வந்து ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுக்க, கீசகன் ஆட்டத்தை நிறுத்தாமல் கையில் வாங்கிக் கட்டியங்காரனிடம் நீட்ட, கொடுத்தவர் பேர், தகப்பனார் பேர், தெருப் பேர் எல்லாம் மைக்கில் வருகிறது. பிறகு மறுபடி விராட தேசம்.

கட்டியங்காரனை வெள்ளைத் திரை ஓரத்தில் நிறுத்திவிட்டால் அவன்தான் பியோன்சா. நம் ஊமைப்படக் கொட்டகைகளிலும் அப்படி ஒருவர் நின்று கதை சொன்னதுண்டு. ஆனால் அந்த ஆள் பேசும்படம் வந்ததும் போய்விட்டார். 1931இல் ‘காளிதாஸ்’ வந்த பிறகு தமிழ் சினிமா கதைக்கும் பாட்டுக்கும் நடிகருக்கும் கம்பெனி நாடகத்தைத் தேடிப்போனது. மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் போனது. பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்தது. தெருக்கூத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கம்பெனி நாடகத்துக்குக் கொட்டகை உண்டு, டிக்கெட் உண்டு, நோட்டீஸ் உண்டு. கூத்து சேரியிலும் தெருவிலும் மண்தரையில் ஆடுவது. படித்தவர்கள் அதைக் கலை என்றே ஒத்துக்கொள்ளாத காலம்.

கொரியாவிலும் நிலைமை ஒன்றும் மேலில்லை. பன்சோரி என்ற கதைப்பாட்டுக் கலை அங்கே தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. பாய் ஒன்றை விரித்துக் கையில் விசிறியோடு ஒரே ஒரு பாடகர். பக்கத்தில் ஒரு மேளக்காரர். கூட்டம் நடுநடுவே உரக்க ஊக்கக் குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடகருக்குச் சூடு ஏறாது. ஒரு கதை முழுவதும் பாட மணிக்கணக்காகும். பழைய கதைகளில் ஐந்துதான் இன்று முழுதாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று சுன்ஹ்யாங்கின் கதை. கணிகையின் மகள் ஒருத்தி உயர்குலத்துப் பையனை ரகசியமாக மணக்கிறாள். அவன் தலைநகர் போய்விட, புதிதாக வந்த மாவட்ட அதிகாரி அவளைத் தன்னிடம் வரச்சொல்கிறான். மறுத்ததற்கு அடி, சிறை. கடைசியில் கணவன் அரசனின் ரகசியத் தணிக்கையாளனாகக் கந்தல் உடையில் வந்து அதிகாரியைப் பிடிக்கிறான். மாறுவேஷம், அதிகாரத்திலிருப்பவன் நீட்டும் கை, மறுக்கும் பெண்: மறுபடி விராட பர்வமே.

இந்த ஒரு கதையின் வழியாகவே கொரிய சினிமாவின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். 1923இல் முதலில் அதைப் படமாக்கியவர் ஒரு ஜப்பானியர். 1935இல் கொரியாவின் முதல் பேசும்படம் எதுவென்றால் அதுவும் ‘சுன்ஹ்யாங்’தான். பிறகு உலகப்போர், 1942க்குள் ஜப்பான் எல்லாப் பட நிறுவனங்களையும் ஒன்றாக்கிக் கொரிய மொழிப் படத்தையே நிறுத்தியது. 1945இல் விடுதலை, அடுத்த ஆண்டு ‘சுதந்திரம் வாழ்க’ என்றொரு படம், நாடு இரண்டு, 1950இல் உள்நாட்டுப் போர். ஸ்டுடியோக்கள் தரைமட்டமாகி, கேமராவும் ஃபிலிமும் பஞ்சமாகி, சினிமா செத்தது என்று எல்லோரும் நினைத்தபோது 1955இல் திரும்ப ‘சுன்ஹ்யாங்’ வந்து தியேட்டரை நிரப்பியது. முந்தைய ஆண்டே உள்நாட்டுப் படங்களுக்கு வரிவிலக்குத் தந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து தொழிலைத் தூக்கி நிறுத்தின.

1961இல் நடந்ததுதான் வேடிக்கை. ஒரே சமயத்தில் இரண்டு ‘சுன்ஹ்யாங்’கள், இரண்டும் வண்ணம், இரண்டும் சினிமாஸ்கோப், இரண்டும் கணவன் இயக்க மனைவி நடித்தவை. ஹாங் சொங்-கி இயக்கத்தில் இளம் நட்சத்திரம் கிம் ஜி-மி. ஷின் சாங்-ஓக் இயக்கத்தில் முப்பதைத் தாண்டிய சோய் யுன்-ஹீ. பந்தயம் கிம் ஜி-மி பக்கம்தான் என்றார்கள். ஜெயித்தது சோய் யுன்-ஹீ. நம்மூரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஒரே தீபாவளிக்கு மோதிய நாள்களை நினைத்துக்கொண்டால் அந்தப் பரபரப்பு புரியும்.

ஷின்–சோய் தம்பதியின் பிற்பாதிக் கதையைச் சினிமாவில் எழுதினால் நம்ப மாட்டார்கள். 1978இல் ஹாங்காங்கில் வைத்து முதலில் சோயையும் சில மாதங்கள் கழித்து ஷின்னையும் வடகொரியா கடத்திக்கொண்டு போனது. சினிமாப் பித்தரான கிம் ஜொங்-இல் தன் நாட்டுக்கு நல்ல படம் எடுத்துத்தரச் சொன்னார். ஷின் சிறையில் கிடந்துவிட்டு வெளியே வந்து படம் எடுத்தார். 1984இல் அங்கே அவர் எடுத்த இசைப்படம் எது என்று நினைக்கிறீர்கள்? அதே சுன்ஹ்யாங் கதைதான். அடுத்த ஆண்டு இரும்பு தின்னும் பூதம் ஒன்றை வைத்துப் ‘புல்கசாரி’. 1986இல் வியன்னாவுக்குப் போன இடத்தில் இருவரும் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிப் புகுந்து தப்பினார்கள். எல்லைக்கோட்டின் இரு பக்கத்துக்கும் பொதுவாக மிஞ்சிய பண்டங்கள் குறைவு. அரிராங் பாட்டும் இந்தக் கதையும் அவற்றில் இரண்டு.

அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு படங்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கிம் கி-யோங்கின் ‘வேலைக்காரி’ (1960): மாடிவீடு கட்டிவிட்ட பெருமையில் இருக்கும் குடும்பத்துக்குள் ஒரு வேலைக்காரப் பெண் நுழைந்து வீட்டையே சுடுகாடாக்குகிறாள். 2020இல் நான்கு ஆஸ்கர் வாங்கிய போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ படத்தில் மாடிப்படிகள் ஏன் அத்தனை முக்கியம் என்று கேட்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மற்றது யூ ஹியோன்-மோக்கின் ‘குறி தவறிய குண்டு’ (1961). பல்வலியோடு அலையும் ஒரு குமாஸ்தா, போரில் மனம் பேதலித்துப் படுக்கையிலிருந்து “போகலாம், போகலாம்” என்று கத்திக்கொண்டே இருக்கும் தாய். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இந்தப் படத்துக்குத் தடை விழுந்தது. பிறகு ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங்-ஹீயின் சினிமா சட்டம், கம்பெனிகளுக்கு உரிமம், கதைக்குக் கத்திரி. எழுபதுகள் வறண்ட காலம். நாமும் வேகமாகத் தாண்டிவிடலாம்.

எண்பதுகளின் கடைசியில் அமெரிக்க நிறுவனங்கள் நேரடியாக அங்கே படத்தை வெளியிட அனுமதி வாங்கின. கொதித்தெழுந்தவர்களில் சிலர் அமெரிக்கப் படம் ஓடிய தியேட்டருக்குள் பாம்புகளை விட்டுவிட்டார்கள். தியேட்டர்கள் ஆண்டில் 146 நாள் உள்ளூர்ப் படம் காட்டியே தீர வேண்டும் என்றிருந்த விதியைக் குறைக்கப் பேச்சு வந்த 1999இல் இயக்குநர்கள் தெருவில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். (மொட்டைக்கு நம்மூரில் வேறு அர்த்தம்; அங்கே அது போராட்டம்.) 2006இல் அதை 73 நாளாகக் குறைத்தே விட்டார்கள். இடையில் 1994இல் கொரியக் குடியரசுத் தலைவருக்கு அரசின் ஆலோசகர்கள் ஒரு கணக்குக் காட்டினார்கள்: ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார் ஏற்றுமதிக்குச் சமம். அதற்குப் பின்தான் சினிமா அங்கே அரசின் கண்ணுக்குத் தொழிலாகத் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் ஹூண்டாய் கார்களைப் பார்த்துக்கொண்டே பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சிரிப்பாகவும் இருக்கலாம்.

சினிமாவைக் கணக்காகப் பார்க்கத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னால், கணக்கே போடாமல் எடுத்த ஒரு படம் ஜெயித்தது. இம் க்வான்-டேக் 1962 முதல் படம் எடுத்துவந்தவர். ஆண்டுக்கு நான்கைந்து என்று மசாலாப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். 1981இல் புத்தத் துறவிகளைப் பற்றிய ‘மண்டலா’வில் ஆளே மாறினார். 1993 ஏப்ரலில், அதே தான்சொங்சா தியேட்டரில், அவருடைய ‘சோப்யோன்ஜே’ வெளியானது.

போருக்குப் பிந்தைய கொரியாவில் ஒரு நாடோடிப் பன்சோரிப் பாடகர். வளர்ப்பு மகளுக்குப் பாட்டு, வளர்ப்பு மகனுக்கு மேளம். மேற்கத்தியப் பாண்டு வாத்தியம் சந்தைக்கு வந்துவிட்ட காலம். இவர்கள் பாட்டைக் கேட்க ஆளில்லை, சோற்றுக்கு வழியில்லை. மகன் ஓடிவிடுகிறான். மகளும் போய்விடுவாளோ என்ற பயத்திலும், துயரம் இல்லாமல் குரலில் கனம் ஏறாது என்ற வெறியிலும் தகப்பன் மருந்து கொடுத்து அவள் கண்ணைப் பறிக்கிறார். அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. படமும் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவள் பாடுகிறாள், அவ்வளவுதான்.

அதில் ஒரு காட்சி. செம்மண் பாதை வயல்களுக்கு நடுவே வளைந்து வருகிறது. இருபுறமும் கல் அடுக்கிய தாழ்ந்த மதில். தூரத்தில் மூன்று புள்ளிகளாகத் தகப்பனும் பிள்ளைகளும் தெரிகிறார்கள். கேமரா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முதலில் முணுமுணுப்பாகத் தொடங்கிய அரிராங், அவர்கள் நெருங்க நெருங்கப் பாட்டாகி, மகன் மேளத்தை எடுத்து அடிக்க, தகப்பன் தோளை ஆட்டிக் கையை வீச, மூவரும் ஆடிக்கொண்டே நம் முன்னால் வந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு வெட்டுக்கூட இல்லை. அந்தக் குடும்பம் படத்தில் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான். மகளாக நடித்த ஓ ஜொங்-ஹே உண்மையிலேயே பன்சோரி கற்றவர். தகப்பனாக நடித்துத் திரைக்கதையும் எழுதிய கிம் மியோங்-கோனும் பன்சோரி பயின்றவர், பின்னாளில் அந்நாட்டுக் கலாசார அமைச்சரானார். சோல் நகரத்தில் மட்டும் பத்து லட்சம் பேர் பார்த்த முதல் கொரியப் படம் இது. படம் வந்த பிறகு பன்சோரி கற்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 2000இல் இம் க்வான்-டேக் மீண்டும் சுன்ஹ்யாங்கை எடுத்தார். இம்முறை ஒரு பன்சோரிப் பாடகர் மேடையில் பாடப் பாட, பாட்டின் தாளத்துக்குக் காட்சி நகரும். கேன் விழாவின் போட்டிக்குப் போன முதல் கொரியப் படம் அது. இரண்டாண்டு கழித்து ‘சிஹ்வாசொன்’ படத்துக்காக அங்கே சிறந்த இயக்குநர் விருது வாங்கினார்.

நமக்கும் ஒரு ‘சோப்யோன்ஜே’ உண்டு. பலருக்கு அது பாட்டாக மட்டும் ஞாபகம். நாசர் எழுதி இயக்கி நடித்த ‘அவதாரம்’, 1995. நசிந்துகொண்டிருக்கும் ஒரு கூத்துக் குழு, வேஷம் கட்ட ஏங்கும் ஒருவன், பார்வையற்ற பெண்ணாக ரேவதி, இளையராஜாவின் இசை. இரண்டு படத்திலும் கண் தெரியாத பெண் வருவது தற்செயல். தற்செயல் இல்லாதது ஒன்று: இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு தேசத்துக் கலைஞர்கள், தங்கள் கிராமக் கலை கையைவிட்டுப் போவதைப் பார்த்துப் பதறிப் படமெடுத்தார்கள். அங்கே பத்து லட்சம் பேர் போய்ப் பார்த்தார்கள். இங்கே பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிட்டோம். தமிழில் கூத்தைப் பற்றி அதற்கு இணையான இன்னொரு படம் எனக்குத் தெரிந்து வரவில்லை.

இங்கே சினிமாவுக்குத் திருவண்ணாமலை என்றால் ‘அருணகிரிநாதர்’ (1964) படத்தில் டி.எம்.எஸ். நடித்துப் பாடிய திருப்புகழ், ரஜினியின் ‘அருணாசலம்’, அர்ஜுனின் ‘திருவண்ணாமலை’. கோபுரமும் கிரிவலமும் தீபமும் திரைக்குப் போயிற்று. ஆனால் இந்த மாவட்டம் தமிழ் சினிமாவுக்குக் கொடுத்த பெரிய கொடை செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து போனது. எழுபதுகளில் சென்னையில் புரிசைக் கூத்தைப் பார்த்து அசந்துபோன ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு வேர் இங்கேதான் என்று முடிவு கட்டி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பட்டறைப் பிள்ளைகள் அடவு கற்றார்கள். அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் எனச் சினிமாவுக்குப் போனவர்கள் பட்டியல் நீளம். ‘ஜோக்கர்’ படத்தில் குரு சோமசுந்தரம் நிற்கிற நிலையையும் எறிகிற பார்வையையும் பாருங்கள். நம்மூர்க் கதைசொல்லி பவா செல்லதுரையும் அதே படத்தில் வருகிறார். கூத்து நம் சினிமாவுக்குள் கதையாகப் போகவில்லை. நடிகனின் முதுகெலும்பாகப் போனது. டைட்டிலில் அந்தக் கடனுக்குப் பெயர் போடுவதில்லை.

கடைசியாக, தொலைந்த படங்களின் கணக்கு. கொரியாவும் நம்மைப் போலத்தான் எல்லாவற்றையும் தொலைத்தது. காலனியக் காலத்துப் படம் ஒன்றுகூட உருப்படியாகக் கையில் இல்லாத நிலை இருந்தது. ஆனால் 1974இல் தொடங்கிய கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. 2004 முதல் பெய்ஜிங் ஆவணக்காப்பகத்தில் தேடி 1936ஆம் ஆண்டின் ‘இனிய கனவு’ முதலான படங்களை மீட்டார்கள். 2007இல் ஒரு பழைய தியேட்டர்காரரின் வாரிசு வைத்திருந்த தகர டப்பாக்களைத் திறந்தபோது ‘இளமையின் நாற்சந்தி’ (1934) கிடைத்தது. கைக்குக் கிடைத்த கொரிய ஊமைப்படங்களில் அதுவே பழையது. அடுத்த ஆண்டு அதைத் திரையிட்டபோது பக்கத்தில் ஒரு பியோன்சாவையும் நிறுத்தினார்கள். ‘வேலைக்காரி’யின் காணாமல்போன இரண்டு ரீல்கள் கிடைத்தபோது அவற்றின்மேல் ஆங்கில சப்டைட்டில் கையால் எழுதியிருந்தது; அந்த எழுத்துகளை ஃபிரேம் ஃபிரேமாகக் கணினியில் அழித்து 2008இல் முழுப்படத்தை மீட்டார்கள். இன்று அந்தப் பழைய படங்கள் பலவற்றை யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். ‘அரிராங்’ மட்டும் இன்னும் அகப்படவில்லை. தேடுவதை நிறுத்தவும் இல்லை.

இங்கே? சென்னையில் எடுத்த ஊமைப்படங்கள் நூற்றுக்கும் மேல். தென்னிந்தியாவில் அந்தக் காலத்துப் படமாக முழுதாக மிஞ்சியது மலையாளக் கதையான ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். ‘காளிதாஸ்’ இல்லை. ஆங்கிலேயர் தடைசெய்த கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ (1939) புனா ஆவணக்காப்பகத்தில் இருந்த பிரதியால் பிழைத்தது. பழைய படத்தை யார் பார்ப்பார்கள் என்று சொல்பவர்களுக்குப் பதில் 2012இல் கிடைத்தது: மங்கிப்போன பிரதியைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்ட ‘கர்ணன்’ புதுப்படம்போல ஓடியது. கர்ண மோட்சம் கேட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் இருக்கிற நாட்டில் அது ஓடாமல் வேறெது ஓடும்?

ஒரு வேண்டுகோள். ஆரணி, போளூர், செங்கம், வந்தவாசி, திருவண்ணாமலை வாசகர்களே, உங்கள் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியிருக்கலாம், ஆபரேட்டராக இருந்திருக்கலாம், அல்லது படம் பார்த்த ஒவ்வொரு முறையும் ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கி வந்திருக்கலாம். பரணில் ஃபிலிம் டப்பா, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் எது கிடந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பழைய ஃபிலிம் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்படி ஓரத்தில் வைக்காமல், நீங்களாக ஓட்டிப் பார்க்காமல், புனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள். காகிதமாக இருந்தால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பாட்டுப் புத்தகங்களை அங்கே பத்திரமாகச் சேர்த்து வைக்கிறார்கள். வேலூர்க்காரரின் கீசகன் ஏதாவது ஒரு டப்பாவில் இருக்க மாட்டானென்று யாரும் இன்னும் தேடிப் பார்த்து முடிக்கவில்லை.

(தொடரும்)